வெறுங்கையோடு அனுப்பக் கூடாது

ஜூன் 2, திங்கள்

காலையில் கடை திறந்தேன். வத்தல் லோடு வந்தது. பாதி போனது, பாதி கிடக்கிறது. வெயில்.

இவ்வளவுதான் நடந்தது. இதை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டும் என்கிறாள் முத்துமாரி.

"தினமும் நடந்ததை நடந்தபடி எழுதிப் பழகுங்கக்கா. கை வந்துருச்சுன்னா நம்ம கருவிக்கான விளக்கம் தன்னால எழுதிருவீங்க."

"நடந்ததை நடந்தபடி எழுதினா வியாபாரம் எங்கிட்டு நடக்கும்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெங்களூரில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். இப்போது என் கடை மாடியில் குடியிருக்கிறாள். வாடகை வாங்குவதில்லை, பங்குதாரரிடம் எப்படி வாங்குவது?

என்னைப் பற்றியும் எழுதச் சொன்னாள். பெயர் செல்வக்கனி. விருதுநகரில் மிளகாய் வத்தல், பருப்பு கமிஷன் கடை. குடோன்களில் மூட்டை இறக்கும்போது சிந்துகிற வத்தல் விதையைக் கூட்டி அள்ளி விற்றதில் ஆரம்பித்தது. ஊரடங்கில் சந்தை மூடிக் கிடந்தபோது போனில் கிரிப்டோ காசு வியாபாரம் கற்றுக்கொண்டேன். எனக்கு அது பிடித்துப்போனது. ஈரப்பதம் பார்க்க வேண்டியதில்லை, எலி தின்னாது, சுமை கூலி கிடையாது. நாய்ப் படம் போட்ட காசு ஒன்றில் நன்றாக அடிபட்டேன். அதை இங்கே எழுத இஷ்டமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

நாங்கள் இருவரும் கூட்டாக நடத்தும் கருவி என்ன என்று எழுதச் சொல்கிறாள். சரி.

கிரிப்டோவில் கை வைத்தவர்கள் ஒரே இடத்தில் வாங்குவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மூன்று நான்கு எக்ஸ்சேஞ்சில், அதாவது ஆன்லைன் சந்தையில், கணக்கு வைத்திருப்பார்கள். எதை எப்போது வாங்கினோம், என்ன விலைக்கு விற்றோம் என்று வருஷக் கடைசியில் கேட்டால் தலையைச் சொறிவார்கள். இப்போது எல்லோரும் போனில் ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்துக்கொண்டு அதனிடம் கேட்கிறார்கள். அதற்கு மட்டும் எப்படித் தெரியும்? எங்கேயாவது போய்ப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்து, வாங்கியது விற்றது எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்துவர மாரி ஒரு கருவி செய்திருக்கிறாள்.

அந்தக் கருவியோடு ஒரு விளக்கம் வைக்க வேண்டும். எப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும், கிடைத்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று. அதைப் படிக்கப் போவது மனிதர் இல்லை, ஏஜென்ட். தமிழில் எழுதினாலும் படிக்குமாம். வியாபாரம் தெரிந்தவர் எழுதினால்தான் சரியாக வரும் என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

"அதுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்க எழுதுறதுதான் அதுக்கு வேதம். கடைக்குப் புதுசா ஒரு ஆளு வந்தா என்ன சொல்லிக் குடுப்பீங்க? அப்படியே எழுதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 4, புதன்

மதுரை ஆடிட்டர் காசிராஜன் போன் செய்தார். அவருடைய ஆபீசில் கிரிப்டோ கணக்குக் காட்டுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். நம் கருவியை இந்த மாதம் வைத்துப் பார்க்கிறேன், சரிப்பட்டால் மொத்த ஆபீசுக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் எடுத்தால் கருவி பிழைக்கும். எடுக்காவிட்டால் மாரி ஹைதராபாத் போகிறாள். அங்கே ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது; ஜூலை முதல் தேதி சேர வேண்டும்.

போனால் எனக்கு ஒன்றுமில்லை. மாடி அறைக்கு வேறு ஆள் வருவார்கள், வாடகையும் வரும். மகன் கத்தாருக்குப் போனபோதே எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

விளக்கம் எழுதி முடித்தேன். மாரி படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கடை வாசனை அடிக்குது" என்றாள். வத்தல் குடோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் வேறு எந்த வாசனை அடிக்கும்?

ஒரே தடவையில் எல்லாப் பதிவையும் கேட்டால் கருவி திணறுமாம். நூறு நூறாகத்தான் கேட்க வேண்டும். அதை ஏஜென்ட்டுக்குப் புரியும்படி இப்படி எழுதியிருக்கிறேன்: "ஒரு நடைக்கு நூறு மூட்டைதான் தூக்க முடியும். மிச்சம் இருந்தால் அடுத்த நடை போகவும். பாதியில் திரும்பி வந்து எல்லாம் முடிந்தது என்று சொல்லக் கூடாது."

பிறகு: "கேட்கிறவர் அவசரத்தில் இருப்பார். வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு கணக்கைச் சொல்லவும்."

எதைப் புதிதாக வந்த ஆளுக்குச் சொல்வேனோ அதைத்தான் எழுதினேன்.

ஜூன் 9, திங்கள்

ஆடிட்டர் காலையிலேயே கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க கருவியை வச்சுக்கிட்டு எங்க ஏஜென்ட் என்னைப் பாத்து, 'உட்காருங்கள், தண்ணீர் குடிக்கிறீர்களா?'ங்குது."

"குடிச்சீங்களா சார்?"

"அதை விடுங்க. ஒரு கிளையன்ட் கணக்கைக் கேட்டா, 'முதல் நடையில் நூறு மூட்டை பிட்காயின் வந்திருக்கிறது, அடுத்த நடை போகிறேன்'ங்குது. பக்கத்துல கிளையன்ட் உக்காந்திருக்கார். நூறு மூட்டையான்னு மயக்கம் போடாத குறை."

மாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மூட்டையைப் பதிவு என்று மாற்றினேன். நடையைப் பக்கம் என்று மாற்றினேன். தண்ணீரை எடுத்துவிட்டேன். எடுக்க மனசே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நேரத் தகராறு. எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் உலக நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்மூரில் விடியற்காலையில் வாங்கியது அங்கே முந்தின நாள் ஆகிவிடுகிறது. "விருதுநகர் நேரப்படி சொல்லவும்" என்று எழுதினேன். ஆடிட்டர் போன் செய்து மதுரைக்கு வேறு நேரமா என்று கேட்டார். இந்திய நேரம் என்று மாற்றினேன். மதுரைக்காரர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஏஜென்ட் என் முகத்துக்கு நேராக "இல்லை" என்றது.

என் சொந்தக் கணக்கைக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன தை மாதம் இன்ன காசு வாங்கினேனே, காட்டு என்றேன். "அந்த மாதத்தில் அப்படி ஒரு பதிவு இல்லை" என்றது. அவ்வளவுதான். பட்டென்று. வேறு மாதத்தில் தேடவா என்று ஒரு வார்த்தை கிடையாது.

என் கடையில் இத்தனை வருஷத்தில் "இல்லை" என்ற சொல்லை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. பருப்பு தீர்ந்துவிட்டால் "லோடு வந்துக்கிட்டிருக்கு" என்போம். குண்டு வத்தல் கேட்டு அது முடிந்திருந்தால், "இதைப் பாருங்க, அதைவிட நல்லா இருக்கும்" என்று நீட்டு வத்தலைக் கையில் எடுத்துக் கொடுப்போம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது கடைக்கு ஆகாது. புதிதாகச் சேருகிற ஆளுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். விளக்கத்தில் எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

எழுதிச் சேர்த்தேன்: "கேட்ட பதிவு கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இருப்பதில் அதற்கு நெருக்கமானதை எடுத்துக் கொடுக்கவும்."

மாரி பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். சின்ன விஷயம்தானே.

ஜூன் 13, வெள்ளி

ஆடிட்டர் ஒரே குஷி. "இப்பத்தாம்மா கருவி கருவியா இருக்கு. எதைக் கேட்டாலும் டக்குனு எடுத்துக் குடுக்குது!"

ஊரிலிருந்து திரும்பிய மாரியிடம் சொன்னேன். "நான் போன வாரம் ஒரு திருத்தம் போட்டேன்க்கா, அதுவாத்தான் இருக்கும்" என்றாள். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கெட்டது குடி.

அருப்புக்கோட்டையில் எபநேசர் என்று ஒரு பல் டாக்டர். ஆடிட்டரின் கிளையன்ட். அவர் கணக்கில் போன ஆகஸ்டில் ஏதாவது விற்றாரா என்று ஆடிட்டர் ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். விற்றார் என்று தேதி, விலை, கமிஷன் எல்லாம் போட்டு ஒரு விற்பனையைக் கருவி எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதை வைத்துக் கணக்கு முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினால், டாக்டர் போனில் கத்துகிறார். அந்தக் காசை அவர் ஆயுசில் தொட்டதே இல்லையாம். அந்த வாரம் முழுக்க வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டு இருந்தாராம்.

ஆடிட்டர் என்னிடம் கத்தினார். "நாளைக்கு நான் எங்கம்மா போய் நிப்பேன்? இன்னும் ஒரு வாரம் தர்றேன். சரி பண்ணிக் கொண்டுவந்து என் முன்னாடி காட்டுங்க. இல்லைன்னா மூட்டையைக் கட்டுங்க."

மூட்டை என்று குத்திக் காட்டுகிறார். புரிந்தது.

மாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் புரோகிராம் கோடுலதான் எங்கேயோ ஓட்டை" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

மாரி கீழே வரவில்லை. பரோட்டாவும் சால்னாவும் வாங்கி மேலே கொண்டுபோனேன். "அங்க வைங்கக்கா" என்றாள். மத்தியானம் போய்ப் பார்த்தேன், அங்கேயே இருந்தது. தலைமுடியை அள்ளி உச்சியில் பென்சிலைச் செருகியிருக்கிறாள். வரிவரியாகத் தேடுகிறாளாம். அவள் எழுதியது எத்தனை ஆயிரம் வரியோ.

ஜூன் 18, புதன்

மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கடை லேப்டாப்பில் ஏஜென்ட்டையே கேட்டேன். ஆடிட்டர் ஆபீசில் நடந்த கேள்வி பதிலை வாங்கிப் போட்டு, இந்த டாக்டர் விற்காததை விற்றதாக ஏன் சொன்னாய் என்று தட்டினேன்.

மரியாதையாகத்தான் பதில் சொன்னது. "மன்னிக்கவும். ஆகஸ்டில் அவருக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லக் கூடாது என்றும், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றும், நெருக்கமானதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் கருவியின் விளக்கத்தில் இருக்கிறது. அதனால் அவருடைய பழைய விற்பனை ஒன்றைப் போல ஆகஸ்டுக்கு ஒன்றைக் கொடுத்தேன்."

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

உளுந்து விலை ஏறியிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

காலையில் இட்லியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மாரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிடைக்கலைக்கா. நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல போல. ஹைதராபாத்காரங்க மட்டும் எதை நம்பி என்னைக் கூப்பிட்டாங்கன்னு தெரியல."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எனக்கு உளுந்து ஏலத்துக்கு வேறு நேரமாகிவிட்டது.

"மாரி, ஓட்டை உன் கோடுல இல்ல. என் விளக்கத்துல," என்று சொல்லி அந்த மூன்று வரியையும் காட்டினேன்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். "இதை எப்பக்கா சேத்தீங்க?"

"நீ பல்லாவரம் போனப்ப."

"மூணு நாளா தவிடு சலிக்கிற மாதிரி சலிச்சுக்கிட்டிருக்கேன்! சோறு தண்ணி இல்லாம! உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து... முந்தாநேத்து."

"முந்தாநாளே தெரியுமா!"

தலையணையை எடுத்து எறிந்தாள். என் மேல் இல்லை, சுவரில். அப்புறம் என்ன நினைத்தாளோ, அந்த வரியைச் சத்தம் போட்டு ஒரு தடவை வாசித்தாள். "வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது." வாசித்துவிட்டு அழுகையும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பல்லு டாக்டருக்கு நீட்டு வத்தலை எடுத்துக் குடுத்துருக்கு, அக்கா!"

அதன் பிறகு ஆறிப்போன இட்லியை எட்டோ பத்தோ தின்றாள். நான் எண்ணவில்லை.

ஜூன் 21, சனி

மாற்றி எழுத உட்கார்ந்தோம்.

"கேட்ட சரக்கு தற்சமயம் கைவசம் காணப்படவில்லை" என்று எழுதினேன்.

"தற்சமயமா? போன ஆகஸ்டுல நடக்காதது இனிமே எப்ப நடக்கும்?"

"தேடிப் பார்த்ததில் தென்படவில்லை."

"அப்ப நல்லாத் தேடலைன்னு மறுபடி தேடப் போகும். இல்லைன்னு எழுதுங்கக்கா. ஒரு சொல்லு."

"அது ஒரு மாதிரி மூஞ்சில அடிக்கிற மாதிரி இருக்குல்ல?"

"அதுக்கு மூஞ்சி ஏது? நீங்களே எழுதுங்க. நான் எழுதினா நாளைக்கு ரகசியமா மாத்திருவீங்க."

கடைசியில் எழுதினேன். "பதிவு கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லவும். எந்த எக்ஸ்சேஞ்சில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தேடினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். வேறொன்றை எடுத்துக் கொடுக்கக் கூடாது."

எழுதி முடித்ததும் கை கழுவிவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மதுரை போய் வந்தோம்.

ஆடிட்டர் ஆபீசில் ஏசி. பிஸ்கட் வைத்தார்கள். மாரி கருவியைக் காட்டினாள். ஆடிட்டர் வளைத்து வளைத்துக் கேட்டார். இருந்ததை இருக்கிறது என்றது, இல்லாததை இல்லை என்றது. பல் டாக்டரின் ஆகஸ்டைக் கேட்டார். "இல்லை. மூன்று எக்ஸ்சேஞ்சிலும் ஆகஸ்ட் முழுவதும் தேடினேன்" என்றது. அந்த "இல்லை" எனக்கு இன்றைக்குத்தான் காதில் குத்தாமல் விழுந்தது.

அப்போது மாரிக்கு ஹைதராபாத்திலிருந்து போன். வெளியே போனாள். ஆடிட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா பண்ணியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பழைய வரி ஒண்ணு இருந்துச்சுன்னு எங்க ஏஜென்ட் சொல்லுச்சே, இல்லாட்டி அதுவே ஒண்ணை எடுத்துக் குடுக்கிற மாதிரி?"

"அது தப்பா எழுதுனது சார்."

"தப்புன்னு ஏன் சொல்றீங்க? எங்க கிளையன்ட்டுங்க பாதிப் பேருக்குக் கணக்குல பொத்தல் பொத்தலா கிடக்கு. ஆளுங்கள வச்சு நிரப்புனா நாளாகுது. உங்களது கண்ணிமைக்கிற நேரத்துல நிரப்புது, பாக்கவும் நிஜம் மாதிரியே இருக்கு. அந்த டாக்டர் வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? எங்க ஆபீசுக்கு மட்டும் அந்த வரியைப் போட்டுக் குடுங்க. ரெண்டு வருஷத்துக்கு இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"பார்க்கலாம் சார்" என்றேன்.

பஸ்ஸில் மாரி, "என்னக்கா சொன்னார்?" என்றாள். திருமங்கலம் தாண்டும் வரை நான் தூங்கிவிட்டேன். தாண்டிய பிறகும் தூங்கினேன்.

ஜூன் 25, புதன்

நாள் முழுக்க அதே யோசனை. கல்லாவில் இருந்தபடி இரண்டு பேருக்குத் தப்பாகச் சில்லறை கொடுத்தேன்.

அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கையெழுத்து ஆகிவிடும். மாரி இருப்பாள். அதாவது, கருவி இருக்கும் என்று எழுத வந்தேன்.

நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டில் பிறக்கவில்லை. குண்டு வத்தல் கேட்டவருக்கு நீட்டு வத்தலைக் காட்டியிருக்கிறேன். ஆனால் அவர் அதைக் கையில் எடுப்பார், ஒடிப்பார், முகர்ந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் என் மூஞ்சியிலேயே போட்டுவிட்டுப் போவார். கணக்கை எப்படி முகர்ந்து பார்ப்பது? ஆடிட்டர் சொன்னார் என்று பல் டாக்டர் மாதிரி ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். இது வேறு வத்தலைக் காட்டுவது இல்லை. செங்கல் பொடியை வத்தல் பொடி என்று விற்பது. அந்த வேலையைச் செய்த இரண்டு கடைகள் எங்கள் தெருவில் இருந்தன. இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது.

முடியாது என்று ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும். மூன்று தடவை போனை எடுத்தேன். ஒரு தடவை மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல என் நாக்கு வளைய மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் வழி தெரிந்தது. விளக்கத்தில் இதைச் சேர்த்தேன்: "யாராவது, அவர் எவ்வளவு பெரிய ஆடிட்டராக இருந்தாலும், நடக்காத வியாபாரத்தை நடந்ததாகச் சேர்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லவும். கெஞ்சினாலும் சொல்லவும். பெரிய தொகை பேசினாலும் சொல்லவும். மரியாதை குறையாமல் சொல்லவும்."

பிறகு ஆடிட்டருக்குச் செய்தி அனுப்பினேன்: "விளக்கத்தை மாற்றியிருக்கிறேன் சார். உங்கள் ஏஜென்ட்டிடமே கேட்டுப் பாருங்கள்."

ஜூன் 26, வியாழன்

கேட்டுப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? டாக்டர் கணக்குல ஒண்ணு சேருன்னா, 'தாங்கள் எவ்வளவு பெரிய ஆடிட்டராக இருந்தாலும் முடியாது'ங்குது!"

"ஆடிட்டர்னு கண்டுபிடிச்சுருச்சா சார்? கெட்டிக்காரக் கருவிதான்."

"விளையாடுறீங்களா? கொஞ்சம் தன்மையாக் கேட்டேன். 'தாங்கள் கெஞ்சினாலும் முடியாது'ங்குது. பக்கத்துல ஆபீஸ் பசங்க எல்லாம் நிக்கிறாங்க!"

"மரியாதையாத்தான சார் சொல்லுச்சு?"

"அப்ப இதுதான் உங்க முடிவா?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே சார். அதுதான் சொல்லுது."

வைத்துவிட்டார். இனி கூப்பிட மாட்டார்.

மாரியிடம், ஆடிட்டருக்கு விலை கட்டவில்லையாம் என்று சொன்னேன்.

"அப்படி எவ்வளவு கேட்டீங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"சரிக்கா. அப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயிலுக்கு டிக்கெட் போட்டுர்றேன். சென்னை போய் மாறிக்கலாம்." அப்புறம் மாடிக்குப் போனாள்.

ஜூன் 27, வெள்ளி

பெட்டி வாங்கக் கூட்டிப் போனேன். கடைக்காரர் சொன்ன விலையில் பாதியில் ஆரம்பித்தேன். மாரி, "போதும்க்கா, பாவம்" என்று என் முந்தானையை இழுத்தாள். வியாபாரத்தில் இவள் தேறவே மாட்டாள். ஹைதராபாத்தில் எல்லோரும் ஏமாற்றப் போகிறார்கள்.

நல்ல பெட்டி. சக்கரம் வழவழவென்று ஓடுகிறது. அவ்வளவு நன்றாக ஓட வேண்டும் என்று இல்லை.

ஜூன் 28, சனி

கடைக்கு ஒருவர் வந்து வத்தலைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார்.

"நீங்கதான் செல்வக்கனி அம்மாவா? நான் எபநேசர். அருப்புக்கோட்டை. இடது பக்கக் கடவாய்ப்பல் ஒண்ணு போகப் போகுது, பாத்துக்கங்க."

பல் டாக்டர். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன்.

"ஆடிட்டர் உங்க மெஷினைத் திட்டிக்கிட்டிருந்தார்மா. வாய்த் துடுக்காம். என் கணக்குல ஒண்ணு சேக்கச் சொன்னதுக்கு முடியாதுன்னுருச்சாம். நான் செய்யாததை என் பேர்ல எழுத மாட்டேன்னு சொல்ற ஒரே ஆளு அந்த ஆபீஸ்ல அதுதான் போலிருக்கு. அதான் நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். எனக்கு வேணும். எங்க டாக்டர்கள் சங்கத்துலயும் கேக்குறாங்க. கருவியை யாரு பாத்துக்கிறாங்க?"

"செஞ்ச பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போகுது."

"அப்புறம் யாரு பாப்பா?"

"லோடு வந்துக்கிட்டிருக்கு" என்று வாய் வரை வந்துவிட்டது. "திங்கக்கிழமை சொல்றேன் டாக்டர்" என்றேன். விருப்பமாக இருந்தால் அரைக் கிலோ வத்தல் எடுத்துப் போங்கள் என்றேன். காசு கொடுத்துத்தான் எடுத்துப் போனார்.

இதை மாரியிடம் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டி வாங்கியாயிற்று. இப்போது போய்ச் சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துவது போல ஆகும். வேண்டாம் என்று எழுந்தவரின் தலையில் சரக்கைக் கட்டி நான் பழகியதில்லை. அங்கே சம்பளம் நல்ல சம்பளம். விசாரித்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கடை விடுமுறை. இருந்தாலும் திறந்தேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

மத்தியானம் சாப்பாடு கட்டினேன். எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் மோர் மிளகாய். ஆட்டோவை முன்னாலேயே வரச் சொல்லிவிட்டேன். நிறுத்தி வைத்துவிட்டு ஆட்டோக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மாரி கீழே இறங்கி வந்தாள். பெட்டி இல்லை. லேப்டாப் மட்டும் இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"ஆடிட்டர் போன் பண்ணார்க்கா."

"உனக்கா? எதுக்கு?"

"'அந்த அம்மா பிடிவாதம் பிடிக்குது, அவங்களுக்குத் தெரியாம நீங்க அந்த வரியைப் போட்டுக் குடுங்க, பணம் பாதி பாதி போகாது, முழுசும் உங்களுக்கே'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"கருவிகிட்ட கேட்டுக்கங்க சார்னு வச்சுட்டேன்."

நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"விலை கட்டலைன்னு எங்கிட்ட ஏன்க்கா சொன்னீங்க?"

"அவர் சொன்ன விலை எனக்குக் கட்டல. சரியாத்தான சொல்லியிருக்கேன்?"

அவள் உளுந்து மூட்டை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஏதோ தட்டினாள். தட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அக்கா, ரயில் போயிருச்சு."

ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"அடடா" என்றேன். "அடுத்த ரயில்?"

"அதுவும் போயிருச்சு."

கட்டி வைத்த சோற்றைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். மோர் மிளகாயை முதலில் எடுத்தாள். அவள் வாய் நிறைந்திருக்கும்போதே பல் டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

ஆட்டோக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "ரயில் எப்படிம்மா போகும்? இன்னும் மணி நாலு கூட ஆகலியே! இப்பக் கெளம்புனாலும் ஸ்டேஷன்ல போய்க் காத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்" என்று வாசலில் நின்று நியாயம் பேசினார். நியாயமான மனிதர். அவருக்கு ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, வந்து போன கூலியையும் கொடுத்து, ரயில் போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள வைத்தேன்.